இரண்டு நிமிடச் சோறு: பாக்கெட்டுக்குக் கொடுக்கும் காசு எங்கே போகிறது?

2025 மே மாதம் ஜப்பானில் வேளாண் அமைச்சர் ஒருவர் அரிசியால் பதவி இழந்தார். தாகு எதோ என்ற அவர், தான் அரிசியைக் காசு கொடுத்து வாங்கியதே இல்லை, விற்கிற அளவுக்கு ஆதரவாளர்களே கொண்டுவந்து தருகிறார்கள் என்று ஒரு கூட்டத்தில் பேசினார். அந்த நாட்களில் கடைகளில் 5 கிலோ அரிசியின் சராசரி விலை 4,200 யென்னைத் தாண்டியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு இதே காலத்தில் 2,100 யென் அளவில்தான் இருந்தது. ஒரே வருடத்தில் இரட்டிப்பான விலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்த மக்களால் அந்தப் பேச்சைப் பொறுக்க முடியவில்லை. சில நாட்களில் அவர் விலகினார், ஷின்ஜிரோ கொய்சுமி அந்த இடத்துக்கு வந்தார்.

விலை ஏறியதற்குக் காரணங்கள் பல. 2023 கோடையின் கடும் வெயிலில் மணிகள் சரியாக முற்றாமல் வெளுத்துப்போயின, தீட்டியபோது கிடைத்த நல்லரிசி குறைந்தது. 1970 வாக்கில் தொடங்கி 2018 வரை, அரிசி மிதமிஞ்சி விளையக் கூடாது என்று அரசே நெல் பரப்பைக் கட்டுப்படுத்தி வந்ததால், ஒரு விளைச்சல் தவறினால் தாங்கும் இடைவெளி மிகவும் சிறியதாகிவிட்டது. 2024 ஆகஸ்ட் 8 அன்று தென்மேற்கே ஒரு நிலநடுக்கம் வந்து, அடுத்துப் பெரியது வரலாம் என்று அரசு எச்சரித்ததும் மக்கள் அரிசியை வாங்கிக் குவித்தார்கள். அப்புறம்தான் அரசு தன் கையிருப்பைத் திறந்தது. 2025 மார்ச்சில் ஏலத்தில் விட்டது கடைக்கு வந்து சேரவே தாமதமானது. கொய்சுமி ஏலத்தை விட்டுவிட்டு நேரடி ஒப்பந்தத்தில் கொடுத்த பழைய அரிசி, 5 கிலோ சுமார் 2,000 யென்னுக்கு வந்தது.

இந்தச் சூழ்நிலையில் ஒரு கேள்வி இயல்பாகவே எழுகிறது. அரிசியே இந்த விலை விற்கும்போது, வேகவைத்துத் தட்டில் அடைத்து, மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் சுடவைத்தால் போதும் என்று விற்கிற சோற்றை வாங்குவது ஊதாரித்தனமா? அல்லது இப்போதுதான் அது கட்டுபடியாகிறதா? லண்டனிலும் டொரண்டோவிலும் தனியாக அறை எடுத்துத் தங்கிப் படிக்கிற நம் பிள்ளைகளுக்கும் இதே கேள்வி வேறு நாணயத்தில் இருக்கிறது.

என் பதில் இது: பாக்கெட் சோற்றின் விலையில் அரிசி ஒரு பங்குதான். மற்றதெல்லாம் ஆலையின் கிருமிநீக்கம், தட்டு, போக்குவரத்து, லாபம், அதோடு வீட்டில் யாரோ ஒருவர் செலவழிக்க வேண்டிய பத்து நிமிடம். அதனால் அரிசி விலையை மட்டும் பார்த்து இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. ஒரு தடவை அடுப்பேற்றினால் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்பதுதான் பெரிதும் தீர்மானிக்கிறது. இதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

உடனடிச் சோறு என்பது ஒன்றல்ல

கடையில் ஒரே அலமாரியில் இருந்தாலும் மூன்று வகைகள் உண்டு. இவற்றைக் குழப்பிக்கொண்டால் விலையும் புரியாது, சுவையும் புரியாது.

1. வேகவைத்து உலர்த்திய அரிசி. இதைச் சுடுதண்ணீரில் போட்டால் சில நிமிடங்களில் சோறாகும். ஆப்கானிஸ்தானிலிருந்து அமெரிக்கா சென்ற அதாவுல்லா ஓசாய்-துர்ரானி 1941-இல் தன் யோசனையோடு ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனத்தை அணுகினார். அதிலிருந்துதான் 'மினிட் ரைஸ்' பிறந்தது. ஒருமுறை வெந்து காய்ந்த மணியில் நுண்ணிய துளைகள் இருப்பதால் தண்ணீர் வேகமாக உள்ளே போகிறது.

2. ரிட்டார்ட் சோறு. சோற்றைப் பையில் அடைத்து மூடிவிட்டு, அழுத்தத்தில் சுமார் 120 டிகிரி வரை பையோடு சேர்த்துச் சூடாக்குவது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 250 கிராம் அளவில் விற்கும் பல பைகள் இந்த வகையைச் சேர்ந்தவை.

3. கிருமிநீக்கிய அறையில் அடைத்த சோறு. இதில் அரிசியை முன்கூட்டியே கிருமிநீக்கி, தனித்தனித் தட்டிலேயே வேகவைத்து, சுத்தக் காற்று மட்டும் ஓடும் அறையில் மூடுகிறார்கள். ஜப்பானில் நீகாத்தாவைச் சேர்ந்த சாத்தோ நிறுவனம் 1988-இல் இதைக் கொண்டுவந்தது. கொரியாவில் சிஜே நிறுவனத்தின் ஹெட்பான் 1996 டிசம்பரில் வந்தது.

மைக்ரோவேவ் சோறு என்று பேசும்போது பெரும்பாலும் இரண்டாவதையும் மூன்றாவதையும்தான் சொல்கிறோம். மூடிய பிறகு நெடுநேரம் சூட்டில் கிடப்பதால் ரிட்டார்ட் சோற்றில் மணியின் தன்மை சற்று மாறும், லேசாக ஒரு வாடையும் வரலாம். மூன்றாவது வகை வீட்டுச் சோற்றுக்கு மிக நெருங்கி வருகிறது. ஜப்பானியர்களும் கொரியர்களும் வெறும் சோற்றின் மணத்தையே ரசிப்பவர்கள் என்பதால், அங்கே மூன்றாவதுதான் வென்றது.

சோறு ஏன் ஆறினால் விறைக்கிறது

வேகாத அரிசி மணிக்குள் மாவுச்சத்து இறுக்கமாக அடுக்கப்பட்டிருக்கிறது. தண்ணீரோடு சேர்த்து 60 முதல் 80 டிகிரி வரை சூடாக்கும்போது அந்த அடுக்குகள் அவிழ்கின்றன, தண்ணீரை உறிஞ்சி வீங்குகின்றன. அதைத்தான் வேகுதல் என்கிறோம். சோறு ஆறும்போது அவிழ்ந்த இழைகள் மறுபடி ஒன்றோடொன்று ஒட்டி அடுக்காகின்றன. சோறு விறைக்கிறது, தொண்டையில் அடைக்கிறது.

இதில் இரண்டு செய்திகள் முக்கியம். முதலாவது, மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு வகை இருக்கின்றன. அமைலோஸ் கூடுதலாக இருக்கும் அரிசி உதிரியாக வேகும், ஆறியதும் சீக்கிரம் விறைக்கும். நம் ஊர் அரிசிகளில் பெரும்பாலானவையும் பாசுமதியும் இந்தப் பக்கம். ஜப்பான் அரிசியில் அமைலோஸ் குறைவு, அதனால் ஒட்டும், மென்மையும் சற்று நேரம் நிற்கும். இரண்டாவது, இந்த விறைப்பு மிக வேகமாக நடப்பது உறைநிலைக்குச் சற்று மேலே, ஃப்ரிட்ஜின் சாதாரண அறை இருக்கிற குளிரில். அதனால்தான் ஃப்ரிட்ஜில் வைத்த சோறு மறுநாள் மண்ணாங்கட்டி மாதிரி இருக்கிறது.

நல்லவேளையாக, சூடாக்கினால் இந்த விறைப்பு பெரும்பாலும் அவிழ்ந்துவிடும். மைக்ரோவேவ் சோற்றில் உள்ள தண்ணீரைத்தான் சூடாக்குகிறது, அந்தச் சூட்டில் ஒட்டிய இழைகள் மறுபடி பிரிகின்றன. பாக்கெட் சோறு முன்பே வெந்ததுதானே, அப்படியே சாப்பிடலாமே என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுதான். சாப்பிட்டால் ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் வாயில் வைக்க முடியாது.

பல மாதம் கெடாமல் இருக்க என்ன சேர்க்கிறார்கள்?

பாக்கெட் சோற்றைப் பற்றி நம்மவர்கள் முதலில் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான். காலையில் வடித்த சோறு இரவில் நூல் விடுகிறது, இது மட்டும் ஒன்பது மாதம், பத்து மாதம் என்று அலமாரியில் எப்படி இருக்கிறது?

வீட்டுச் சோறு கெடுவதற்கு முக்கியமான ஒரு காரணம் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா. மண்ணில் இருப்பது, நெல்லோடு வருகிறது. கடினமான ஓட்டுக்குள் வித்தாக உறங்கும்போது கொதிநீர்கூட அதைக் கொல்வதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் வித்து முளைக்கிறது, பெருகுகிறது, சில இனங்கள் நச்சையும் விடுகின்றன. அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. சோறு மீந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள் என்று பிரிட்டனின் உணவுத் தர முகமை சொல்வது இதனால்தான். நம் பழைய சோறு வேறு கதை. தண்ணீர் ஊற்றி வைக்கும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பேறுகிறது, அந்தப் புளிப்பு மற்றவற்றை அடக்குகிறது. தண்ணீர் ஊற்றாமல் பாத்திரத்திலேயே விட்ட சோற்றுக்கு அந்தக் காவல் கிடையாது.

ஆலையில் நடப்பது சுமாராக இப்படி:

1. அரிசியைத் தீட்டி, கல் நீக்கி, கழுவி, ஊறவைக்கிறார்கள்.

2. ஒரு ஆள் சாப்பிடும் அளவை ஒவ்வொரு தட்டிலும் போட்டு, சுமார் 140 டிகிரி நீராவியை அழுத்தத்தில் சில நொடிகள் பலமுறை பாய்ச்சுகிறார்கள். கொதிநீருக்கு அசையாத வித்துகள் இதில் சாகின்றன.

3. கிருமி நீக்கிய தண்ணீரை ஊற்றித் தட்டிலேயே வேகவைக்கிறார்கள்.

4. வடிகட்டிய காற்று ஓடும் அறையில் மேல்தாளை ஒட்டி மூடுகிறார்கள். சில நிறுவனங்கள் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும் பொருளையும் வைக்கின்றன. தட்டே பல படலங்களால் ஆனது, நடுவில் இருக்கும் படலம் வெளிக்காற்றின் ஆக்சிஜனை உள்ளே விடாது.

5. மூடியபின் சற்று நேரம் புழுங்கவிட்டு, ஆறவைத்து, ஓட்டை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார்கள்.

கிருமியே இல்லாத இடத்தில் கெடுவதற்கு எதுவும் இல்லை. அதனால் பதப்படுத்தும் மருந்து தேவைப்படுவதில்லை. சில நிறுவனங்கள் புளிப்பைக் கூட்ட ஒரு அமிலத்தைச் சேர்ப்பதுண்டு, வேறு சிலவற்றில் அரிசியும் தண்ணீரும் மட்டும்தான். பாசுமதிப் பைகளில் மணிகள் ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் எண்ணெய் சேர்ப்பார்கள். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தால் தெரிந்துவிடும். மசாலா சேர்த்த வகைகளில் உப்பு எவ்வளவு என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்வது நல்லது. வெறும் சோற்றைப் பற்றி அந்தக் கவலை வேண்டாம்.

விலைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு இங்கேதான். நீராவிக் கலன்கள், வடிகட்டிய காற்று, பல படலத் தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் சோதனை. அரிசி என்ன விலைக்கு விற்றாலும் இந்தச் செலவுகள் அப்படியே இருக்கும்.

விலையை எப்படி ஒப்பிடுவது

பலரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. பாக்கெட்டில் 200 கிராம் என்று போட்டிருப்பது வெந்த சோற்றின் எடை. அரிசி மூட்டையில் போட்டிருப்பது வேகாத அரிசியின் எடை. ஜப்பான் முறையில் சமைத்தால் 150 கிராம் அரிசி 330 கிராமுக்குக் குறையாத சோறாகும். ஆக, 200 கிராம் சோற்றுக்குள் இருப்பது சுமார் 90 கிராம் அரிசிதான். இந்த 200 கிராமை ஒரு கிண்ணம் என்று வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

வீட்டுக் கணக்கு, மின் குக்கரில் 450 கிராம் அரிசி போட்டு ஐந்து கிண்ணம் சமைப்பதாக வைத்து:

1. அரிசி. 5 கிலோ 2,100 யென் என்றால் ஒரு கிண்ணத்துக்கு 38 யென். 2025 மே மாத விலையான 4,285 யென் என்றால் 77 யென்.

2. மின்சாரம். ஒரு தடவைக்கு ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும் என்று கொள்ளலாம். யூனிட் 31 யென் என்றால் தடவைக்கு 6 யென், கிண்ணத்துக்கு 1 யென்னும் சில்லறையும். ஆனால் குக்கரைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சூடாகவே வைத்திருந்தால் சமைக்க ஆன மின்சாரத்தை அதுவே எட்டிவிடும்.

3. குக்கர். 10,000 யென் குக்கரை ஆறு வருடம், வாரம் ஐந்து தடவை பயன்படுத்தினால் தடவைக்கு 6 யென் சொச்சம். கிண்ணத்துக்கு மறுபடியும் 1 யென்.

ஆக, கையிலிருந்து போகும் பணம் முன்பு ஏறக்குறைய 40 யென், விலையேற்றத்தின்போது 80 யென். பாக்கெட் விலை கடைக்குக் கடை, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கணக்குக்காக, அரிசி மலிவாக இருந்தபோது ஒன்று 120 யென், ஏறியபின் 150 யென் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது இரண்டு விதமாகப் பாருங்கள். "பாக்கெட் எத்தனை மடங்கு விலை?" என்று கேட்டால், முன்பு மூன்று மடங்கு, பின்பு இரண்டு மடங்குக்கும் கீழே. பாக்கெட் திடீரென்று மலிவானதுபோல் தெரிகிறது. "எத்தனை யென் கூடுதல்?" என்று கேட்டால், முன்பு 80, பின்பு 70. பெரிய மாற்றம் இல்லை. மடங்குக் கணக்கு நம்மை ஏமாற்றுகிறது. வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த வித்தியாசத்தைத்தான், ஏனென்றால் சமைக்காமல் இருப்பதற்கு அவர் கொடுக்கிற கட்டணம் அதுதான். அரிசி விலை இரட்டிப்பானாலும் அந்தக் கட்டணம் இரட்டிப்பாகவில்லை.

பத்து நிமிடம் யாருடையது

அந்த 70 யென்னுக்கு என்ன கிடைக்கிறது? அரிசி அளந்து, கழுவி, தண்ணீர் வைத்து, கடைசியில் குக்கர் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவுவது வரை கை வேலை சுமார் பத்து நிமிடம். ஊறும் நேரமும் வேகும் நேரமும் சேர்ந்து ஒரு மணிக்கு மேல் போகும். அந்த நேரத்தில் வேறு வேலை பார்க்கலாம் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் இரவு ஒன்பதரைக்கு வேலை முடிந்து பசியோடு வருகிறவருக்கு அந்தக் காத்திருப்பும் செலவுதான்.

ஜப்பானில் 2024-ஆம் நிதியாண்டின் சராசரிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,055 யென். பத்து நிமிடத்துக்கு 176 யென். இந்த 176, எத்தனை கிண்ணம் சமைத்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு கிண்ணம் சமைத்தாலும் கழுவ வேண்டிய பாத்திரம் ஒன்று, ஐந்து கிண்ணம் சமைத்தாலும் அதே ஒன்று.

இதிலிருந்து வருவது:

1. ஒரு தடவைக்கு ஒரு கிண்ணம் மட்டும்: 80 + 176 = 256 யென். பாக்கெட் 150. பாக்கெட் ஜெயிக்கிறது.

2. இரண்டு கிண்ணம்: ஒன்றுக்கு 80 + 88 = 168. கிட்டத்தட்ட சமம், பாக்கெட் சற்று மேல்.

3. மூன்று கிண்ணம்: 80 + 59 = 139. வீட்டுச் சோறு முந்துகிறது.

4. ஐந்து கிண்ணம்: 80 + 35 = 115. சந்தேகமே இல்லை.

"என் பத்து நிமிடத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?" என்று ஒருவர் கேட்கலாம். உண்மை, ஓய்வு நேரம் முழுவதையும் கூலியாக மாற்ற முடியாது. சரி, பாதி விலை போடுவோம். அப்போது இரண்டு கிண்ணத்திலேயே வீட்டுச் சோறு முந்திவிடும், ஒரு கிண்ணத்தில் மட்டும் பாக்கெட் கொஞ்சம் மேலாக நிற்கும். சுழியம் போட்டால் எப்போதும் வீடுதான் மலிவு. ஆனால் சுழியம் போடுகிறவர் யார் என்பதைப் பார்க்க வேண்டும். வீட்டுச் சமையல் செலவே இல்லாதது என்று சொல்லும்போது, பெரும்பாலான வீடுகளில் ஒரு பெண்ணின் நேரத்துக்குத்தான் நாம் சுழியம் போட்டுக்கொண்டிருக்கிறோம். தன் கையால் சமைக்காதவர் போடுகிற சுழியத்தை நான் ஏற்கமாட்டேன். சமைக்கிறவரே மனம்விரும்பி போட்டால் அது அவர் உரிமை.

ஜப்பானின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நூற்றுக்கு 38 வீடுகளில் ஒரே ஒருவர்தான் வசிக்கிறார். கொரியாவில் 2023-இல் இது மூன்றில் ஒன்றுக்கும் மேல். மேலே உள்ள கணக்கில் முதல் வரியில் இருப்பவர்கள் இவர்கள்தான். கொரியாவில் ஒரு ஆள் வருடத்துக்குச் சாப்பிடும் அரிசி 1996-இல் 100 கிலோவுக்கு மேல் இருந்தது, 2023-இல் 56 கிலோவாகிவிட்டது. அரிசி சாப்பிடுவது பாதியாகக் குறைந்த அதே காலத்தில் அடைத்த சோற்றின் விற்பனை வளர்ந்ததற்குப் பெரிய காரணம் இந்த ஒற்றை ஆள் வீடுகள்.

ஃப்ரீசர் என்ற மூன்றாவது வழி

வீட்டில் சமைப்பதா, பாக்கெட்டா என்று இரண்டே வழி இருப்பதாக நினைப்பதால்தான் பலர் கூடுதலாகச் செலவழிக்கிறார்கள். தனியாக இருப்பவரும் ஐந்து கிண்ணம் சமைக்கலாம், நான்கை உறையவைக்கலாம். ஜப்பானிய வீடுகளில் இது மிகச் சாதாரணம்.

ஃப்ரிட்ஜில் வைத்தால் விறைக்கிற சோறு ஃப்ரீசரில் ஏன் விறைப்பதில்லை? விறைப்பு வேகமாக நடக்கிற அந்தக் குளிர் நிலையை ஃப்ரீசரில் சோறு சீக்கிரம் தாண்டிவிடுகிறது. தண்ணீர் பனிக்கட்டியானதும் மாவுச்சத்தின் இழைகள் நகர முடியாமல் இருந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. எடுத்து நேராகச் சூடாக்கினால், வெந்த அன்று இருந்த நிலைக்கு மிக அருகில் கிடைக்கிறது.

செய்யும் முறையில் கவனிக்க வேண்டியவை சில. சோறு சூடாக இருக்கும்போதே பங்கு பிரித்து, தட்டையாகப் பரப்பி, ஆவியோடு மூட வேண்டும். அந்த ஈரம்தான் பிறகு சோற்றை மீட்கும். உருண்டையாகவோ ஆழமான டப்பாவிலோ வைத்தால் நடுப்பகுதி உறைய வெகுநேரம் ஆகும், அதற்குள் விறைத்துவிடும். சூடு தணிந்ததும் தாமதிக்காமல் ஃப்ரீசருக்குப் போக வேண்டும், மேசையில் மறந்துவிடக் கூடாது. எடுத்தபின் வெளியே வைத்து உருகவிடாமல் நேராக மைக்ரோவேவில் மூன்று நிமிடம் போல வைத்தால் போதும். பாசுமதிக்கும் புழுங்கல் அரிசிக்கும் மேலே ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள், அவை உலர்ந்த வகை. ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது, பிறகு ஃப்ரீசர் வாடை ஏறும்.

இப்படிச் செய்தால் தனி ஆளுக்கும் ஒரு கிண்ணம் 115 யென் சொச்சத்துக்கு, அதே மூன்று நிமிடத்தில் கிடைக்கிறது. வாரத்தில் ஒரு நாள் ஒதுக்க முடிகிறவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்று நினைக்கிறேன்.

லண்டன் கணக்கு

இதே சூத்திரத்தைப் பிரிட்டனில் போட்டுப் பாருங்கள். 250 கிராம் பை 1.20 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் இருப்பது சுமார் 100 கிராம் அரிசி. தமிழ்க் கடையில் 10 கிலோ மூட்டை 20 பவுண்டு என்றால், 100 கிராம் 20 பென்ஸ். பை ஆறு மடங்கு விலை. ஜப்பானைப் பார்த்தபின் இது பகல் கொள்ளை போலத் தோன்றும். ஆனால் வித்தியாசம் 1 பவுண்டு. 2025 ஏப்ரலில் பிரிட்டனின் பொதுக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு ஆனது, பத்து நிமிடத்துக்கு 2 பவுண்டு சொச்சம். ஆக, இங்கேயும் இரண்டு கிண்ணத்தில்தான் தராசு சாய்கிறது. மடங்கு வேறு, நாணயம் வேறு, முடிவு மட்டும் ஏறக்குறைய ஒன்று.

ஒரு வேறுபாடு உண்டு. பகுதிநேர வேலையும் படிப்புமாக இருக்கிற மாணவருக்குக் கையில் உள்ள பணம்தான் முதல் தடை. மாதம் முப்பது பையும் அதே அளவு வீட்டுச் சோறும் ஒப்பிட்டால் 30 பவுண்டு கூடுதலாகப் போகிறது. நேரத்துக்கு விலை போட்டால் லாபம் என்று தாளில் வந்தாலும், வாடகை கட்ட அந்த 30 பவுண்டு தேவை என்றால் தாளை ஒதுக்கிவிட்டு அரிசி மூட்டையை வாங்குவதே சரி.

பில்லில் வராத செலவுகள்

ஒவ்வொரு வேளைக்கும் ஒரு பிளாஸ்டிக் தட்டு மிச்சமாகிறது. ஆக்சிஜனைத் தடுக்கும் படலம் ஒட்டியிருப்பதால் அதை மறுசுழற்சி செய்வது ஒரே பொருளால் ஆன தட்டைவிடக் கடினம். அரிசியைவிட இருமடங்குக்கும் மேல் எடையுள்ள சோற்றை லாரியில் கொண்டுபோகிறோம், அதில் பாதிக்கு மேல் தண்ணீர். இதற்கெல்லாம் வாங்குகிறவரிடம் யாரும் பணம் கேட்பதில்லை.

மறுபக்கம், கடைக்காரருக்கும் வாங்குகிறவருக்கும் தெரியாமல் பாக்கெட் மிச்சப்படுத்துவதும் உண்டு. தனியாக வாழும் முதியவர் குக்கரில் சமைத்து பாதியைக் கொட்டுவதற்கு, அல்லது கொட்ட மனமில்லாமல் இரண்டு நாள் வைத்துச் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்வதற்கு, ஒரு தட்டைத் திறப்பது எவ்வளவோ மேல். கனமான பாத்திரத்தைத் தூக்க முடியாதவருக்கும் அப்படியே.

இன்னொரு பயன் அதிகம் பேசப்படாதது. பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களால் புரதத்தில் இருக்கும் பினைல்அலனைன் என்ற பொருளைச் சரியாகச் சிதைக்க முடியாது. சாதாரண அரிசியில் இருக்கிற 6, 7 சதவீதப் புரதமே அவர்களுக்கு அதிகம். கொரியாவில் சிஜே நிறுவனம் 2009-இல் புரதத்தைப் பெருமளவு நீக்கிய பாக்கெட் சோற்றைக் கொண்டுவந்தது. வாங்குகிறவர்கள் மிகச் சிலரே. வீட்டில் அப்படி ஒரு சோற்றைச் சமைக்க வழியே இல்லை. இங்கே மேலே போட்ட கணக்குகள் எதுவும் பொருந்தாது.

பேரிடருக்காக வாங்கி வைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மின்சாரம் போனால் மைக்ரோவேவும் போகும். பாக்கெட்டை கொதிநீரில் பதினைந்து நிமிடம் போல் போட்டும் சூடாக்கலாம், ஆனால் அதற்கு அடுப்பு எரிய வேண்டும். அடுப்பும் இல்லாத நேரத்துக்கு உலர்த்திய முதல் வகைதான் உதவும். ஜப்பானில் பேரிடர்ப் பையில் வைக்கும் உலர் சோறு, பச்சைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறினாலே சாப்பிடும் பதத்துக்கு வந்துவிடும்.

தமிழ்நாட்டில் ஏன் வரவில்லை

நம் அரிசி பாக்கெட்டுக்கு ஒத்துவராது என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. புழுங்கல் அரிசி ஏற்கெனவே உமியோடு ஒருமுறை வெந்து இறுகியது என்பதால் ரிட்டார்ட் சூட்டிலும் மணி உடையாமல் நிற்கும். மேற்கு நாடுகளில் பைகளுக்கும் டப்பாக்களுக்கும் அதைத் தேடிப் பயன்படுத்துகிறார்கள்.

தடை கணக்கில்தான் இருக்கிறது. கிலோ 60 ரூபாய் அரிசியில் 100 கிராம் 6 ரூபாய். 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமலே கிடைக்கிறது. வெறும் சோற்றுப் பாக்கெட் ஒன்று 60 ரூபாய்க்கு வருகிறது என்று வைத்தால் வித்தியாசம் 54 ரூபாய். மணிக்கு 100 ரூபாய் சம்பாதிப்பவரின் பத்து நிமிடம் 17 ரூபாய். ஒரு கிண்ணத்துக்கே பாக்கெட் தோற்றுவிடுகிறது. மணிக்கு 300 ரூபாய் வாங்குகிறவர் தனக்கு மட்டும் சமைக்கும்போதுதான் சமநிலைக்கு அருகே வருகிறது. அவருக்கும் தெருமுனை மெஸ்ஸில் சாம்பாரோடு சாப்பாடு பார்சல் கிடைக்கிறது.

ஆனால் இதே தமிழ்நாட்டில் இட்லி, தோசை மாவு பாக்கெட் தெருவுக்குத் தெரு விற்கிறது. அரிசியும் உளுந்தும் ஊறவைத்து, கிரைண்டரில் முக்கால் மணி நேரம் ஆட்டி, வழித்தெடுத்து, கல்லைக் கழுவி, இரவெல்லாம் புளிக்கவைக்கிற வேலை அது. சின்னக் குடும்பத்துக்காக ஆட்டினாலும் அந்த வேலை குறைவதில்லை, கிரைண்டருக்கு இடமும் வேண்டும். அந்த உழைப்போடு ஒப்பிட்டால் மாவுக்காரர் கேட்கிற கூடுதல் காசு சிறியது, அதனால் மூன்று பேர் இருக்கிற வீடுகூட வாங்குகிறது. சோற்றுக்கு மூன்று விசில் போதும். சம்பளம் பல மடங்கு ஏறி, பாக்கெட் விலை 20, 25 ரூபாய்க்கு இறங்கி, ஒற்றை ஆள் வீடுகள் பெருகினால் மட்டுமே இந்தக் கணக்கு மாறும்.